ரெக்கார்டுப் பெட்டியும் தும்மலும்

(மதுரையில் இசைத்தட்டு ஆர்வலர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். முன்வரிசை மேசையில் நிறைய ரெக்கார்டுகளைக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறீர்கள். ஆசையோடு எடுத்துப் பாருங்கள். ஆனால் உறையிலிருந்து தட்டை உருவும்போது முகத்துக்கு நேராக வைத்து உருவாதீர்கள். எதற்குச் சொல்கிறேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் ஊர் வீடுகளுக்குள் ரெக்கார்டு இரண்டு வழியாக வந்தது. ஒன்று கூடத்து வழி. அனுமந்தராயன் கோயில் தெருவில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1926-ல், பத்து வயதில், ஹெச்.எம்.வி.க்கு முதல் தட்டைப் பாடிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ரெக்கார்டு என்றால் அரக்குத் தட்டு. பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம் ஓடும். பெயர்தான் அரக்கு. அதில் அரக்கு நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும்; மிச்சமெல்லாம் கற்பலகைத் தூள், சுண்ணாம்புக்கல் தூள், கரி. அந்தக் கற்பொடி இரும்பு ஊசியைத் தேய்த்துவிடும் என்பதால் பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றினார்கள். கிட்டப்பா, சுந்தராம்பாள் நாடகப் பாட்டுகளெல்லாம் இப்படித்தான் வீடுகளுக்கு வந்தன. 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி வினைல் எல்.பி.யைக் கொண்டுவந்தது. அது நம் பக்கம் வந்து சேர்ந்த பிறகு, அரை மணிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பக்கம் ஓடியது. 1963-ல் வந்த எம்.எஸ்ஸின் சுப்ரபாத எல்.பி. இல்லாத கூடம் அன்று மேலமாசி வீதிப் பக்கம் குறைவு.

இன்னொரு வழி, மைக் செட் வழி. உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, பொங்கல் என்றால் மரத்தில் குழாய் கட்டி ரெக்கார்டு போடுவார்கள். 1965-ல் வந்த திருவிளையாடல் படத்தின் வசனத் தட்டுகளைக் கேட்டுக் கேட்டே தருமி பேசுவதை மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். இந்த ரெக்கார்டுகளைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடலாம். லேபிளில் கடை பெயர் ரப்பர் ஸ்டாம்பில் குத்தியிருக்கும். உறையின் மூலையில் பெயின்ட்டில் வரிசை எண். மூலைக்குத் தகரம் அடித்த மரப்பெட்டியில், மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராகப் போய், திருவிழாப் புழுதியெல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவை. கேசட் வந்ததும் பெட்டி பரணுக்குப் போனது. இப்போது பேரன் காலத்தில் பரணிலிருந்து இறங்குகிறது.

இறங்கும்போதுதான் வீட்டில் சண்டை தொடங்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பா பெட்டியைத் திறந்து ஆசையாக ஒவ்வொன்றாகப் பார்க்கிறார், ஏழு வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து தும்முகிறான், ராத்திரி இளைப்பு. காலையில் அந்த வீட்டம்மா கேட்டது இதுதான்: "பிள்ளைக்கு மூச்சு முட்டுது, இந்தப் பழங்குப்பையக் கட்டிக்கிட்டு அழுவுறீகளே, எப்பத்தான் தூக்கிப் போடப் போறீக?" அவர் கேட்டது நியாயம். ஆனால் குற்றவாளியைப் பிடித்தாரா என்பதில் எனக்குச் சந்தேகம்.

வினைல் தட்டு ஒருவருக்கும் தும்மல் தராது. அது வெறும் பிளாஸ்டிக். அதில் பூச்சிக்குத் தின்ன ஒன்றுமில்லை. ஒவ்வாமை தருவது அதன்மேல் உட்கார்ந்திருப்பதும், அதைச் சுற்றியிருக்கும் காகிதமும்தான். இதைப் புரிந்துகொள்ள அளவுகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்.பி. தட்டில் பாட்டு பதிந்திருக்கும் வரியின் வாய் அகலம் சுமார் 50 மைக்ரான், அதாவது நம் தலைமுடியைவிடக் குறுகல். அந்த ஒற்றை வரியை நீட்டிப் பிடித்தால் ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் வரும். வீட்டுத் தூசியில் வாழும் செல்லுப்பூச்சியின் எச்சம் 20 மைக்ரான் போல இருக்கும். செடிகளின் மகரந்தத் தூள் பெரும்பாலும் 20, 30 மைக்ரான். பூசணத்தின் விதைத்தூள் 3 முதல் 10 மைக்ரான். இத்தனையும் அந்த வரிக்குள் அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்துகொள்ளும். ஊசி அதன்மேல் ஏறி இறங்கும்போது உங்கள் காதுக்கு 'பொட்டு பொட்டு' என்று கேட்கிறது. அதே துகள் கிளம்பி மூச்சில் ஏறினால் பையன் தும்முகிறான். காதுக்கு ஆகாத சரக்கும் மூக்குக்கு ஆகாத சரக்கும் ஒன்றுதான். ஆகவே சங்கீதம் கேட்கிற அப்பாவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அம்மாவும் உண்மையில் ஒரே கட்சி.

ஆனாலும் பழியை முழுவதும் பெட்டியின் தலையில் கட்டிவிடக் கூடாது. 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலானவர்கள் வீட்டுத் தூசியில் எது ஒவ்வாமை தருகிறது என்று தேடிப்போய், கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுப்பூச்சியைப் பிடித்தார்கள். அது தின்பது நம் உடம்பிலிருந்து உதிரும் தோல். குடியிருப்பது மெத்தை, தலையணை, போர்வை. போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு மெத்தையானாலும் சரி, கடையில் வாங்கிய நுரை மெத்தையானாலும் சரி, அதற்கு எல்லாம் ஒன்றே. காற்றில் ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருந்தால் பெருகும். 50-க்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் காய்ந்து சாகும். மதுரை வெயிலில் காய்ந்திருக்க வேண்டுமே என்பீர்கள். அறை காய்ந்தாலும் மெத்தைக்குள் நம் வியர்வை ராத்திரிதோறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறதே.

அதனால் என் கணக்கு இப்படி. உறையைத் திறந்த சற்று நேரத்தில் தும்மலும் மூக்கில் நீரும் வந்தால் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். விடியற்காலையில் இளைப்பு வந்தால் முதலில் தலையணையைச் சந்தேகப்படுங்கள். முடிவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். செல்லுப்பூச்சியா, பூசணமா, கரப்பானா, மகரந்தமா என்று தோலில் சின்னதாகக் குத்திப் பார்க்கிற பரிசோதனை இருக்கிறது. பெட்டியைத் தெருவில் வைப்பதற்கு முன்னால் அதைச் செய்துவிடுவது நல்லது. மகரந்தம் என்று வந்துவிட்டால் பெட்டியை விற்றுப் பிரயோசனமில்லை. திருமங்கலத்திலிருந்து காரியாபட்டி வரை சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. 2017-ல் அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிடும் அளவுக்கு விவகாரம் போனது. அது பூத்தால் காற்றில் வராமல் எப்படி இருக்கும்?

சரி, பரிசோதனையில் பூசணம் என்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பெட்டி நிச்சயமாகக் கூட்டாளி. அதிலும் குற்றவாளி உறை.

ஒரு பழைய எல்.பி.யை என்னோடு சேர்ந்து திறந்து பாருங்கள். வெளியட்டையின் முதுகு விட்டிருக்கும். ஒட்டிய இடத்தில் பசை பழுப்பேறி உதிரும். அந்தப் பசை மாவுப்பசை என்றால் கரப்பானுக்கு விருந்து. அட்டைக்குள் விரலை விட்டால் மாவு தட்டுப்படும். உள்ளே மெல்லிய காகித உறை. அதில் தேமல் போலப் பழுப்புப் புள்ளிகள், ஓரத்தில் இராமபாணம் அரித்த துளை. தட்டை உருவும்போது காகிதத்தோடு உரசி 'சர்' என்று ஒரு சத்தம். அந்த உரசலில் தட்டில் மின்னூட்டம் ஏறி, அந்த மாவையெல்லாம் தட்டு தன்மேல் இழுத்துக்கொள்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கருப்பு முகத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். பிறகு அந்த வாடை. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணமுண்டா என்று சண்டை போட்ட ஊர் நம்முடையது. உறைக்கு வாடை உண்டா என்று சண்டையே தேவையில்லை, மோந்தாலே போதும். வாடை அடித்தால் பூசணம் பூத்தது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று: "மாடியில வெயில்ல போடுங்க, எல்லாம் செத்துரும்." தலையணைக்கு இது நல்ல வைத்தியம். ரெக்கார்டுக்கு எமன். மொட்டைமாடித் தரையில் சித்திரை வெயிலில் அரை மணி நேரம் கிடந்தால் வினைல் அப்பளமாக நெளிந்துவிடும்; நெளிந்ததை நிமிர்த்துவது லேசில்லை. அதைவிட முக்கியமான விஷயம், செத்த பூசணமும் ஒவ்வாமை தரும். வெயில் அதைக் கொல்லலாம், ஆனால் உடம்பு எதிர்ப்பது அதன் துகளை. துகள் அங்கேயேதான் இருக்கிறது. தலையணையும் அப்படித்தான்: வெயிலில் பூச்சி சாகும், எச்சம் போகாது. தலையணை உறையைக் கழற்றிக் கொதிக்காத வெந்நீரில், 60 டிகிரி அளவுக்கு, வாரம் ஒருமுறை துவைத்தால்தான் போகும்.

ஆக, கழுவ வேண்டும். தட்டைக் கழுவலாம், கவலையே வேண்டாம். வினைல் என்றால் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர், அதில் வாசனை இல்லாத திரவ சோப்பு ஓரிரு சொட்டு. போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. நம் பக்கத்துத் தண்ணீரில் இருக்கும் உப்பு வரிக்குள் காய்ந்து கெட்டியாகிவிடும், பிறகு பூசணமே தேவலை என்றாகும். லேபிளில் ஈரம் படாமல் மூடிக்கொண்டு, மெல்லிய பஞ்சுத்துணியால் வரியின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். இன்னொரு முறை வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிறுத்தி நிழலில் உலர்த்துங்கள். தட்டு நிறுத்துவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும் அந்த ஸ்டாண்டு. இதையெல்லாம் வராந்தாவிலோ மாடிப்படிக்கு அடியிலோ செய்யுங்கள். செய்பவர் என்-95 முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும், ஒவ்வாமை உள்ளவர் அந்தப் பக்கமே வரக்கூடாது. காய்ந்த துணியால் துடைப்பது, வாயால் ஊதுவது, வேட்டி நுனியால் தட்டுவது மூன்றுமே தூசியை மூக்குக்கு அனுப்பும் வழிகள்.

அரக்குத் தட்டு வைத்திருப்பவர்கள் இதை மட்டும் மறக்கக் கூடாது. ஸ்பிரிட் தொடவே கூடாது. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துச் சுத்தமாகத் துடைத்து, பாட்டையும் சேர்த்துத் துடைத்து எடுத்தவர்கள் உண்டு. தச்சாசாரிகளைக் கேளுங்கள்: மரத்துக்கு அடிக்கிற பிரெஞ்சு பாலிஷ் என்பதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததுதான். தட்டும் அதே அரக்கு, அதே மாதிரி கரையும். அதற்கும் டிஸ்டில்டு வாட்டரே போதும். ஊறவிடாமல் துடைத்து உடனே உலர்த்த வேண்டும்.

உள்ளே இருந்த காகித உறை எதுவானாலும் தூக்கிப் போடுங்கள். புதிதாகப் பாலித்தீன் உறை வாங்கிப் போட்டால் காகிதத்தூளும் இல்லை, உரசலும் குறைவு. வெளிக்குப் பாலிபுரோப்பிலீன் உறை. சட்டைப்பை நோட்டுக்கு அட்டையாக வருமே, பளபளப்பான கெட்டி பிளாஸ்டிக், அது வேண்டாம். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை நாளடைவில் தட்டில் படிந்து மூட்டம் போட்டதுபோல் ஆக்கிவிடும்.

வெளியட்டை? இங்கேதான் நான் சேகரிப்பாளர்களிடம் வசவு வாங்குவேன். ஒவ்வாமை உள்ள வீட்டில், பூசணம் ஊறிய அட்டையை வைத்திருக்காதீர்கள். தட்டை நீரில் கழுவலாம், அட்டையைக் கழுவ முடியாது. மேலே துடைத்தாலும் நாருக்குள் இறங்கியது இறங்கியதுதான். இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொண்டு அட்டைக்கு விடைகொடுத்துவிட்டு, தட்டை வெற்று அட்டையில் போடுங்கள். "அட்டை போனால் விலை பாதி போய்விடும்" என்பார்கள். போகட்டும். விற்க வாங்கினீர்களா, கேட்க வாங்கினீர்களா? அட்டைப்படத்தின் மேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்பவர்கள், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஒவ்வாமை இல்லாத சொந்தக்காரர் வீட்டில் வைக்கலாம். மற்றபடி எனக்கு வேறு சமாதானம் தெரியவில்லை.

எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். பரண் வேண்டாம். கான்கிரீட் கூரைக்கு ஒன்றரை அடி கீழே சித்திரையிலும் வைகாசியிலும் எப்படிக் கொதிக்கும் என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவும் அப்படியே. படுக்கையறை, கட்டிலுக்கு அடி இரண்டும் கூடவே கூடாது. பிள்ளை எட்டு மணி நேரம் மூச்சு விடுகிற இடம் அது. கூடத்தில் உள்சுவர் ஓரமாக, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. தரையிலிருந்து அரை அடி உயரம், சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி. படுக்கப் போட்டு அடுக்காமல் புத்தகம்போல நிற்க வையுங்கள், அரை அடிக்கு ஒரு தடுப்புப் பலகை கொடுங்கள். பலகையைக் கெட்டியாகப் போடச் சொல்லுங்கள். ஒரு அடி நீளத்துக்கு ரெக்கார்டு 15, 16 கிலோ கனக்கும்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். நம் சமவெளிக்கு ஆடியில் ஒரு சங்கடம், ஐப்பசியில் வேறு சங்கடம். அம்மியும் பறக்கும் ஆடிக்காற்றில் செம்மண் தூசி சன்னல் இடுக்கு வழியாக வந்து மேசையில் கோலம் போடலாம். அந்த மாதங்களில் அலமாரியைத் திறக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை இல்லை. வறண்ட காற்றில் தட்டில் மின்னூட்டமும் அதிகம், தூசியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டவைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நேர்மாறு. மழை சேர்ந்தாற்போல் நாலு நாள் பிடித்தால் சுவர் ஓதம் காக்கும், பூசணம் பூக்க அது போதும். அப்போது அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வாரம் ஒருமுறை மோந்து பாருங்கள். படுக்கையறை அல்லாத ஏ.சி. அறை இருந்தால் அந்த இரண்டு மாதமாவது அலமாரி அங்கே இருக்கலாம். ஈரம் குறைவான இடத்தில் இருக்கிறோம் என்பது நமக்குப் பெரிய கொடுப்பினை. மலைக்கு அந்தப் பக்கம், கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில் ஒருவர் தனி ஆளாக கிராமபோன் அருங்காட்சியகமே நடத்துகிறார். வருஷத்தில் பல மாதம் மழை பெய்கிற ஊரில் அவரால் தட்டுகளைக் காப்பாற்ற முடிகிறது என்றால் நம்மால் முடியாதா?

பூச்சிக்கு என்று அலமாரிக்குள் பாச்சா உருண்டை போடுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். இளைப்பு உள்ளவருக்கு அந்த நெடியே ஆகாது. பிறவியிலேயே ஒருவகை நொதிக் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு அந்த ஆவி இரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். சாம்பிராணிப் புகையும் தட்டில் பிசின்போலப் படியும். ரெக்கார்டு கேட்கும் அறையில் எதிரொலி அடங்கட்டும் என்று கனமான திரை, கம்பளம் எல்லாம் போடுகிறார்களே, அவையும் செல்லுப்பூச்சிக்குக் கட்டிக்கொடுத்த வீடுதான். அந்தப் பணத்தில் புத்தக அலமாரி ஒன்று வைத்தால் அதே எதிரொலி உடையும். 

ஒரு யோசனை பலருக்குத் தோன்றுவதில்லை. பிளேயரும் ரெக்கார்டும் ஒரு அறையில், ஸ்பீக்கர் இன்னொரு அறையில் இருக்கலாமே. பத்தடி ஒயர் போதும். மாற்றிப் போடுகிற வேலை அப்பாவுடையது, கேட்கிற வேலை மகனுடையது. மைக் செட்காரர்கள் இதைத்தானே செய்தார்கள்? பெட்டி பந்தலுக்குள், குழாய் மரத்தில்.

இவ்வளவு செய்தும் பிள்ளைக்குச் சரிப்படவில்லை என்றால் தட்டுகளைக் கொடுத்துவிட வேண்டியதுதான், அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்குங்கள். லேபிளின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். லேபிளுக்கும் வரிக்கும் இடையே வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கும்; அதில் கீறிய எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள், எந்தப் பதிவு என்று ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். நாடகக் கம்பெனிப் பாட்டுகள், கிராமபோன் காலத்து நாதஸ்வரம், மைக் செட் கடைகளின் வசனத் தட்டுகள் இவற்றில் எது எங்கும் இல்லாத ஒற்றைப் பிரதி என்று நமக்குத் தெரியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒருவர் சேர்த்து வைத்த புத்தகங்களிலிருந்துதான் 1994-ல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. அங்கே இசைத்தட்டுகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். கொடுக்கும்போது துடைத்துக் கொடுங்கள், அங்கே திறந்து பார்க்கப் போகிறவருக்கும் மூக்கு இருக்கிறது.

இனி உங்கள் கேள்விகள். அதோ, பச்சைச் சட்டை போட்ட ஐயா கையைத் தூக்கியபடியே இருக்கிறார். ஸ்பிரிட் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைக்கிறேன். கேளுங்கள் ஐயா.